உபதேசியாரின் ‘நாங்கள்’

“எனக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா” என்றார் உபதேசியார் தேவசித்தம்.

எஸ்தர் நேசம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன ஜெபவீட்டை அவள்தான் கவனித்துவந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் மனசு கனத்தவர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள்.

“உங்க ஜெபத்தைக் கேட்டா எங்க அம்மா அழுதிருவாங்களே, உபதேசியாரே.”

“எல்லாரும் அழுவாங்க. எனக்குத்தான் கண்ணீர் வராது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இருபத்திரண்டு வருசம். ஆண்டவர் உங்க பக்கத்துலதான் இருக்காருன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். எம் பக்கத்துல இருக்காருன்னு ஒரு நாள்கூடத் தோணல.”

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“ஊழியத்தை விடுதேன்னு எழுதிட்டேன். போற வழியில சபைப் போதகர் ஐயர்கிட்ட கொடுத்திருவேன்.”

“கொடுங்க. அதுக்கு முன்னால ஒரு ஜெபம் பண்ணுங்க.”

அது அவருக்கு வரும். கண்ணை மூடினார். குரல் தானாகவே கோயில் குரலாக மாறியது.

“அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக நாங்கள் உம்மைத் துதிக்கிறோம். இங்கே இருக்கிற இந்தச் சகோதரியை…”

“சகோதரி நல்லாத்தான் இருக்கா. அவளை விடுங்க.”

மறுபடி ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, நாங்கள் ஒன்றுக்கும் உதவாத பாவிகள். எங்களை…”

“என்னையும் எதுக்கு இழுக்கீங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பழக்கதோசம்மா.”

“இங்க சபை இல்ல, உபதேசியாரே. நீங்க மட்டும் பேசுங்க.”

கண்ணை மூடினார். ‘நாங்கள்’ நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினார். ‘நான்’ என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை.

படுக்கையில் கிடப்பவருக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, புது வீட்டுக்கு, மழைக்கு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஜெபம் இருந்தது.

தேவசித்தத்துக்கு இல்லை.

“வரலம்மா.”

கீரை உருவும் சத்தம் நின்றிருந்தது.

வெளியே ஆடு ஒன்று கத்திவிட்டு ஓய்ந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். போனால் இனி கேட்பதற்கு வேறு இடமில்லை என்பதும் தெரிந்தது.

“ஆண்டவரே” என்றார்.

அது கோயில் குரல் இல்லை. பசியோடு அடுப்படி வாசலில் வந்து நிற்கிற பிள்ளையின் குரல்.

“எனக்கு நீர் வேணும்.”

ஐம்பத்தொரு வயதில் தோள் குலுங்கியது. அடுத்த வரியைத் தேடினார். இல்லை. அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

வெட்கமாக இருந்தது. கூப்பிய கையை முகத்தோடு சேர்த்துக்கொண்டு, அவசரமாக ‘ஆமென்’ சொல்ல வாயெடுத்தார்.

“எதுக்கு உபதேசியாரே, அதுக்குள்ள முடிக்கீங்க?” என்றாள் எஸ்தர் நேசம்.