அரசர் விரும்பி உண்ணும் ஐந்து அதிரசம்

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குப் பலகைப் பித்துப் பிடித்தது. அரண்மனைக்குச் சரக்குத் தரும் ஒவ்வொரு கடைக்கும் தம் சிங்க முத்திரை பதித்த பலகை ஒன்று கொடுத்தார். பலகை தொங்கும் கடையில் கூட்டம் முண்டியடித்தது.

பலகை கொடுக்கும் பொறுப்பு அரண்மனைச் சரக்கறையைக் கவனிக்கும் உக்கிராண அதிகாரி திருமேனிநாதரிடம் இருந்தது. பிறகு கேட்க வேண்டுமா! எண்ணெய்க்கு அவருடைய மாமன், வெல்லத்துக்குச் சகலை, அதிரசத்துக்கு மைத்துனர் பொன்னப்பர். பொன்னப்பர் கடைப் பலகையில், 'அரசர் நாள்தோறும் ஐந்து அதிரசம் விரும்பி உண்ணும் கடை' என்று எழுதியிருந்தது. அந்த அதிரசத்தை வைத்து ஆணி அடிக்கலாம். அதை அரசர் இலையில் வைக்கத் தலைமைச் சமையற்காரருக்குத் துணிச்சல் வரவில்லை. யானைக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு, கோட்டை வாசலில் அடுப்பு வைத்திருந்த செண்பகவடிவிடம் வாங்கிப் பரிமாறினார். யானைகளும் இரண்டாம் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"மகராசா திங்கிறது என் பண்டம்தான்" என்று செண்பகவடிவு ஒருநாள் வாயை விட்டுவிட்டாள். திருமேனிநாதர் காதுக்கு அது போயிற்று. பலகை இல்லாமல் அரசர் பெயரைச் சொன்ன குற்றத்துக்கு அடுப்பை இடித்து ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த அடுப்பை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை, பாவம்.

விகடன் மாசிலாமணி எழுந்தான். பொழுது போகாதபோதெல்லாம் அரண்மனைச் சமையற்கட்டில் போய் உட்காருகிறவன் அவன். அங்கே நடப்பது அத்தனையும் அவனுக்குத் தெரியும்.

"அரசே, அவள் சொன்னது உண்மை."

"அப்படியானால் பலகை பொய்யா?" என்று துள்ளினார் திருமேனிநாதர். "அதில் இருப்பது அரசர் முத்திரை. பலகை பொய் என்றால் அரசரே பொய்யர் என்றல்லவா ஆகிறது!"

அரசருக்கு முகம் சிவந்தது. "மாசிலாமணி! என்னைப் பொய்யன் என்று சொல்லாமல் அவள் சொல்லை மெய்யென்று காட்டு. இல்லையேல் அவளோடு நீயும் ஊரைவிட்டுப் போ."

"பலகையை நான் குறை சொல்லவில்லை அரசே. அதில் உள்ளபடி நடந்தால் போதும். அந்தக் கடையிலிருந்து ஐந்து அதிரசம் வரட்டும்."

வந்தன. அரசர் ஒன்றை எடுத்துக் கடித்தார். பல்தான் அசைந்தது. முகம் கோணிற்று.

"முகம் சுளிக்கலாகாது அரசே. 'விரும்பி' என்று எழுதியிருக்கிறது."

அரசர் சிரிக்க முயன்றார். அதிரசம் கை நழுவித் தாம்பாளத்தில் விழுந்தது. யாரோ மணி அடிக்கிறார்கள் என்று வாயிற்காவலன் கதவைத் திறந்தான்.

"இன்னும் நான்கு இருக்கின்றன அரசே. நாளைக்கும் ஐந்து."

"போதும்! நான் தினமும் உண்பது இதுவல்ல!" என்று கத்தினார் அரசர்.

"இதைச் சொன்னது நானல்ல" என்று கைகட்டி நின்றான் மாசிலாமணி. சமையற்காரர் ஓடிவந்து காலில் விழுந்து உள்ளதையெல்லாம் சொன்னார்.

அரசர் தாடையைப் பிடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார். மீதி நான்கையும் திருமேனிநாதர் அங்கேயே தின்ன வேண்டும், அதுவும் விரும்பித் தின்ன வேண்டும் என்று கட்டளையிட்டார். பொன்னப்பர் கடைப் பலகை செண்பகவடிவின் கைக்கு வந்தது.

"இதை நான் மாட்டமாட்டேன் மகராசா. எழுத்தைப் பார்த்து எதுக்கு வாங்கணும்? வாயில போட்டுப் பார்த்து வாங்கட்டும். என் பாகுச் சட்டிக்கு மூடி இல்ல, அதுக்கு வச்சுக்கிறேன்."

அரசர் மறுபடியும் சிரித்தார். அன்றுமுதல் அவருடைய சிங்கம் பாகுச் சட்டியின்மேல் படுத்திருந்தது. அரண்மனை ஆளோ, ஊராரோடு வரிசையில் நின்று அதிரசம் வாங்கிப் போனான்.