ரிங்குக்குக் கீழே

தோற்றுத் திரும்பிய டீமை வைத்துக்கொண்டு ஓர் ஊர் என்ன செய்யும்? சில ஊரில் திட்டுவார்கள். சில ஊரில் மறந்துவிடுவார்கள். மலையடிவாரத்திலிருந்த அந்த ஊரில் மார்க் போடுவார்கள்.

ஊருக்குப் பெருமை என்று இரண்டுதான் இருந்தன. ஒன்று வாழைத்தார். மற்றொன்று அங்கிருந்த பெண்கள் கல்லூரியின் பாஸ்கெட்பால் டீம். வாழைத்தாரைப் பற்றி வியாபாரிகள் மட்டும் பேசுவார்கள். டீமைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. எந்த டோர்னமெண்ட் முடிந்தாலும் மறுநாள் சாயங்காலம் சௌந்தரபாண்டியின் பெயிண்ட் கடை வாசலில் ஸ்டூல்கள் வந்து விழும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக்கு எவ்வளவு என்று வாதாடுவார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம். முடிவு மட்டும் சௌந்தரபாண்டி சொல்வது. அவர் அதைத் தன் குரலிலேயே பதிந்து ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஊரே அதைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கும்.

அந்தத் தகுதி அவருக்கு ரெஜினா மேடத்தால் வந்தது. மேடம் அந்தக் கல்லூரிக்குக் கோச்சாக வந்த புதிதில், கோர்ட்டுக்குக் கோடு போடப் பெயிண்ட் கேட்டு அவர் கடைக்குப் போனார். டின்னைக் கிரவுண்டில் கொண்டுவந்து இறக்கிய சௌந்தரபாண்டி அங்கேயே நின்று ஆட்டத்தைப் பார்த்தார். இது ஏன் ஃபௌல், அது ஏன் ஃபௌல் இல்லை என்று கேட்டார். மேடம் சொன்னார். அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். கடை திறக்கும் முன் தினமும் கிரவுண்டுக்கு வந்து, கேலரிப் படியில் உட்கார்ந்து பார்த்து, ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் போவார். மேடத்துக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. "நரைச்ச சிஷ்யப்பிள்ளை" என்று மெடிக்கல் ஷாப் காதர் கேலி செய்வார். சௌந்தரபாண்டிக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

இந்த வருஷம் டீம் ஃபைனல் வரைக்கும் போனது. ஊரிலிருந்து இரண்டு வேன் கிளம்பியது. ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது ஒரே ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். பதினொன்றாம் நம்பர் வதனிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் தடுக்க வரமாட்டார்கள். நிதானமாக நின்று போட வேண்டியதுதான். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் கோப்பை.

முதல் பந்து ரிங்கில் பட்டு வெளியே வந்தது. கேலரி முழுக்க மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. அந்த அமைதியில் சௌந்தரபாண்டி மட்டும் தலையில் கை வைத்து, "போச்சு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இரண்டாவது பந்து ரிங்கைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் கடை வாசலில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம்.

"கேப்டன் நிரஞ்சனாவுக்கு எட்டு போடலாம்ணே. ஒத்தை ஆளா இழுத்துட்டுப் போனா" என்றார் காதர்.

"ஏழு" என்றார் சௌந்தரபாண்டி. "கடைசியில கால் சோர்ந்துருச்சு."

"அந்த உசரமான பிள்ளை?"

"உசரத்துக்கு அஞ்சு. குதிக்காததுக்கு ரெண்டைக் கழிச்சுக்க."

சிரித்தார்கள். டீ வந்தது. ஒவ்வொருத்தியாகப் பேசி முடித்தார்கள். பதினொன்றாம் நம்பர் மட்டும் மிச்சம். எல்லோரும் சௌந்தரபாண்டியின் முகத்தையே பார்த்தார்கள். கூட்டம் இப்படிக் காத்திருக்கும்போது சும்மா இருக்கிற வாய் அவருக்கு வாய்க்கவில்லை.

போனை வாயருகில் பிடித்தார். "வதனிக்கு முட்டை. அந்தப் பிள்ளை கையில பந்துக்குப் பதிலா ஒரு பூசணிக்காயைக் குடுத்திருந்தா, கீழ போட்டு உடைச்சு நம்ம டீமுக்குத் திருஷ்டியாவது கழிஞ்சிருக்கும்."

வாசலே குலுங்கியது. சௌந்தரபாண்டிக்கும் தான் சொன்னது பிடித்திருந்தது. ராத்திரி அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்.

அதற்குப் பிறகு வதனி பிராக்டிஸுக்கு வரவில்லை.

கேலரிப் படியிலிருந்து அவர் தினமும் பார்த்தார். மற்றவர்கள் ஓடினார்கள், குதித்தார்கள். பதினொன்று இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. கடைசியில் காதர்தான் விஷயத்தைக் கொண்டுவந்தார்.

"கேன்டீன்ல அந்தப் பிள்ளைய பூசணின்னு கூப்பிடுறாங்களாம்ணே. படிப்பே வேணாம்னு சொல்லிருச்சாம். ஞாயித்துக்கிழமை அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போறாரு."

"விளையாடலைன்னா என்ன, படிக்கலாம்ல?"

"எப்படிப் படிக்கும்? டீம்ல இருக்கிறதாலதான ஹாஸ்டலும் ஃபீஸும் சும்மா கிடைக்குது? மலை மேல இருந்து வந்த பிள்ளை. அவங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சதே இவதான்."

அன்று மதியம் சௌந்தரபாண்டி ஒரு வாடிக்கையாளருக்கு வெள்ளைக்குப் பதிலாகக் கிரீம் கலர் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை அவர் படியில் உட்காரவில்லை. நேராகக் கோர்ட்டின் ஓரக்கோடு வரை வந்து நின்றார். கோட்டைத் தாண்டவில்லை. கேலரிக்காரர்கள் கோட்டைத் தாண்டுவதில்லை என்பது அந்த ஊர் வழக்கம்.

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா வதனி வந்துரும்."

"சொன்னேன். வரலை" என்றார் ரெஜினா. அவர் கண் பிள்ளைகள் மேலேயே இருந்தது.

சௌந்தரபாண்டி மனசில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"நான் இல்லாததைச் சொல்லலையே மேடம். ரெண்டு பந்தும் விழலை. கண்ணால பார்த்ததைத்தான் சொன்னேன். பார்த்ததைச் சொல்றது தப்பா?"

ரெஜினா அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. அவர் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"அதைக் கழட்டிட்டு உள்ள வாங்கண்ணே."

"உள்ளயா?"

"ரிங்குக்குக் கீழ நில்லுங்க. இவங்க ஃப்ரீ த்ரோ போடுவாங்க. வர்ற பந்தை எடுத்துக் குடுங்க. அவ்வளவுதான்."

இத்தனை வருஷத்தில் முதல் முறையாக சௌந்தரபாண்டி அந்தக் கோட்டைத் தாண்டினார். தான் விற்ற பெயிண்டில் போட்ட கோடுதான். காலுக்குக் கீழே சிமெண்ட் சில்லென்றிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரிங்குக்குக் கீழே போய் நின்றார். அண்ணாந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. படியிலிருந்து பார்க்கையில் கைக்கு எட்டும்போல இருக்கும்.

நிரஞ்சனா போட்டாள். வலை வழியாக இறங்கி நேரே அவர் கைக்கு வந்தது. திருப்பி எறிந்தார். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தார்.

அடுத்தது விழவில்லை. ரிங்கில் பட்டுப் பக்கவாட்டில் தெறித்து ஓடியது. இவரும் ஓடினார். கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொன்று போர்டில் அடித்து நெஞ்சில் வந்து மோதியது. "சாரி சார்" என்றாள் உயரமான பிள்ளை. விழுந்த பந்தெல்லாம் சமத்தாகக் காலடிக்கு வந்தது. விழாத பந்துதான் ஆளை அலைக்கழித்தது. ஒன்று வேப்பமரம் வரைக்கும் உருண்டு போனது. ஒன்று வாய்க்காலில் விழுந்தது. துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

விசில் ஊதியபோது அவருக்கு மூச்சு இரைத்தது. ரெஜினா பக்கத்தில் வந்தார்.

"நிரஞ்சனா எப்படிப் போட்டா?"

சௌந்தரபாண்டி யோசித்தார். "கவனிக்கலையே மேடம்."

"பக்கத்துலதான நின்னீங்க?"

"எங்க நின்னேன்? பந்துக்குப் பின்னாடி ஓடிக்கிட்டுல்ல இருந்தேன்."

"சரி. நாளைக்கும் வாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்…"

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேடம் பந்துகளை வலைப்பையில் போடப் போய்விட்டார்.

சாயங்காலம் காதர் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மார்க் போட்ட கை பந்து பொறுக்குதாமே, ஊரெல்லாம் பேச்சா இருக்கு."

சௌந்தரபாண்டி வலித்த முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீயும் வந்து பாரு, தெரியும்" என்றார்.

கல்லூரி ஹாஸ்டல் அந்தக் கிரவுண்டுக்குப் பின்னால்தான் இருந்தது. மாடி ஜன்னலில் நின்றால் இரண்டு ரிங்கும் தெரியும். அன்று காலை அங்கே யாராவது நின்றார்களா என்று சௌந்தரபாண்டி கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமேது?

சனிக்கிழமை காலை அவர் மறுபடியும் செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு பந்து கைநழுவி ஓரக்கோட்டைத் தாண்டி உருண்டது. பின்னாலேயே போனார். அது ஒரு ஜோடி ஷூவில் முட்டி நின்றது. நிமிர்ந்தார். வதனி நின்றுகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பின்னல்கூடப் போடாமல் முடியை வாரிக் கட்டியிருந்தாள். நெருங்கிப் பார்த்தால் எவ்வளவு சின்னப்பெண் என்று அவருக்குத் தோன்றியது. தன் வீட்டுக் கடைக்குட்டியின் வயதுதான் இருக்கும்.

ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"வதனி, அந்தப் பூசணிக்காய்னு நான்…"

அவள் குனிந்து பந்தை எடுத்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனாள். வரிசையிலிருந்த நிரஞ்சனா நகர்ந்து இடம் விட்டாள்.

சௌந்தரபாண்டி ஓடிப்போய் ரிங்குக்குக் கீழே நின்றார்.

வதனி பந்தை இரண்டு தடவை தட்டினாள். மூச்சை இழுத்தாள். போட்டாள்.

விழவில்லை.

அன்று போலவே ரிங்கில் பட்டு வெளியே தாவியது. பந்து கேலரிப் பக்கமாக ஓடி, படிக்கட்டில் மோதி, அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்குக் கீழே போய் நின்றது. வதனியின் கை இன்னும் மேலேயே இருந்தது. மற்ற பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். ரெஜினா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா நின்றார்.

சௌந்தரபாண்டி ஓடினார். முழங்கால் வலி நினைவில் இல்லை. படிக்குக் கீழே குனிந்து பந்தை எடுத்தார், மண்ணைத் தட்டினார், திரும்பி ஓடிவந்தார். எறியவில்லை. கோடு வரைக்கும் கொண்டுபோய் நீட்டினார்.

"அம்மா வதனி…" என்று ஆரம்பித்தார்.

"பந்தைக் குடுங்க சார்" என்றாள்.

கொடுத்தார்.

அடுத்ததும் விழவில்லை. எடுத்துக் கொடுத்தார். அதற்கடுத்தது ரிங்கைச் சுற்றிவிட்டு உள்ளே இறங்கியது. அதையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு விழுந்தது, விழாதது என்ற பேதமே அவருக்கு இல்லாமல் போயிற்று. பந்து வந்தது, கொடுத்தார், மறுபடியும் வந்தது. வெயில் மலையைத் தாண்டிக் கோர்ட்டுக்கு வரும்வரை இதுவே நடந்தது.

பிராக்டிஸ் முடிந்து பிள்ளைகள் ஷூவைக் கழற்றினார்கள். வதனி முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் வந்தாள்.

"சாயங்காலம் உண்டா மேடம்?"

"உண்டு."

"அப்ப அப்பாவுக்கு போன் பண்ணி நாளைக்கு வர வேணாம்னு சொல்லிர்றேன்."

"சொல்லு" என்றார் ரெஜினா.

அவள் போகும்போது சௌந்தரபாண்டியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "முழங்கால் சிராய்ச்சிருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் குனிந்து பார்த்தார். ரத்தம் கசிந்திருந்தது. எப்போது பட்டது என்று தெரியவில்லை.

கிரவுண்டில் இரண்டு பேர்தான் மிச்சம். மேடம் வலைப்பையின் வாயைத் திறந்து பிடிக்க, அவர் ஒவ்வொரு பந்தாகப் போட்டார். மனசு லேசாகியிருந்தது. லேசானதும் பழைய கேள்வி எட்டிப் பார்த்தது. கேள்வி கேட்டுப் பழகிய ஆளல்லவா.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை மேடம்."

"என்ன கேட்டீங்க?"

"பார்த்ததைச் சொல்றது தப்பான்னு."

ரெஜினா பையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இன்னைக்கு வதனி எப்படிப் போட்டா?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. "முதல் பந்து விழலை மேடம்."

"விழலைன்னதும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"எடுத்துக் குடுத்தேன்."

"அன்னைக்கு?"

சௌந்தரபாண்டி கேலரியைப் பார்த்தார். அவர் உட்காரும் படி காலியாக இருந்தது. செருப்பு அதன் கீழே கிடந்தது. போய் மாட்டிக்கொள்ள அவருக்குக் கால் வரவில்லை.