கைபடாத காசுக்கு ஒரு யானை

செம்மேட்டுச் சீமையின் கோட்டை ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. சாதாரணக் குன்று இல்லை. காக்கைகூட பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போகும். அந்த மேட்டில் தினமும் ஏறி சபைக்கு வர வேண்டியவர் தாண்டவராயர். அரசருக்கு ஆலோசனை சொல்பவர். நாக்கு கொஞ்சம் நீளம், தொந்தி அதைவிட நீளம். நல்லவேளையாக அரண்மனையில் மங்களாயி என்று ஒரு யானை இருந்தது. அடிவாரத்தில் நின்று வெல்லக்கட்டியை நீட்டினால் போதும், அவரை அலுங்காமல் குலுங்காமல் மேலே கொண்டுவந்து இறக்கிவிடும்.

அந்த யானைக்குத்தான் வந்தது ஆபத்து.

அரசர் வீரகேது வழுதிக்குக் காசு சேர்க்கும் பைத்தியம். செலவழிக்க இல்லை, பார்த்து ரசிக்க! அதிலும் கைபடாத காசுதான் வேண்டும். அச்சிலிருந்து நேராகப் பட்டுத் துணியில் விழுந்திருக்க வேண்டும், மனிதக் கை தீண்டியிருக்கக் கூடாது. மூச்சுப் பட்டால் பளபளப்பு மங்கிவிடுமாம், அதனால் காசைப் பார்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வார். ஒருமுறை காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் தும்மிய காவலாளி, இன்றைக்கும் எல்லைப்புறத்தில்தான் தும்மிக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு வைரவநாதன் என்ற காசு வியாபாரி சபைக்கு வந்தான். குறட்டால் ஒரு காசை இடுக்கிக் காட்டினான்.

"தீவாந்தரத்துக் காசு, மகாராஜா! ஒரு பக்கம் படகு, மறுபக்கம் மீன். சுத்தமாகக் கைபடாதது."

"விலை?"

"தங்களிடம் ஒரு யானை இருக்கிறதாமே..."

அரசர் துணிக்குள்ளிருந்தே "ம்ம்ம்" என்றார். சம்மதம் என்று அர்த்தம். மறுநாள் காலை யானையைக் கொடுத்துக் காசை வாங்குவதாக முடிவாயிற்று.

தாண்டவராயருக்கு அப்போதே முழங்கால் இரண்டும் வலிக்க ஆரம்பித்துவிட்டன. அந்த வலியோடு நேரே கடைத்தெருவில் வெற்றிலை விற்கும் காத்தாயியிடம் போனார்.

"காத்தாயி, கப்பல்காரர்கள் உன்னிடம் வெற்றிலை வாங்குவார்களே, தீவாந்தரத்துக் காசு ஏதாவது கொடுத்தார்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க சாமி! மீன் போட்ட காசு ஒண்ணைத் தலையில கட்டிட்டுப் போயிட்டான் பாவி. இந்த ஊர்ல எவனும் வாங்க மாட்டேங்கிறான். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துட்டு நீங்களே எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை தாண்டவராயர் அந்தக் காசைச் சபையில் நீட்டினார்.

"மகாராஜா, அதே படகு, அதே மீன். செதில்கூட ஒன்று குறையவில்லை. பாய்மரத்தின் நுனியில் மட்டும் துளி மினுக்கம் குறைவு. விலை, ஒரு சீப்பு வாழைப்பழம்."

அரசர் பின்னால் சாய்ந்தார். "சீச்சீ! கண்டவன் கை பட்டது!"

"கண்டவன் இல்லை மகாராஜா, காத்தாயி."

வைரவநாதன் சிரித்தான். "ஐயா, ஒரு கை பட்டாலும் காசு செத்தது. கைபடாத காசுக்கு யானை விலை, கைபட்டதற்கு வாழைப்பழ விலை. அதுதான் எங்கள் தொழில் சாத்திரம்."

"உம்முடைய காசுக்கு மட்டுமா, எல்லாக் காசுக்குமா?"

"எந்த நாட்டுக் காசானாலும் அதே சாத்திரம்தான்!"

"மகாராஜா கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டு, தாண்டவராயர் கை தட்டினார். நாணயசாலைக்காரர் பட்டுத் துணியில் ஒரு காசை ஏந்தி வந்தார். மகாராஜாவின் முகம் பொறித்த காசு.

"நம் நாணயசாலையில் இன்று காலை அடித்தது. அச்சிலிருந்து பட்டு, பட்டிலிருந்து சபை. ஒரு கை படவில்லை. யானைக்குப் பதிலாக இதை வைத்துக்கொண்டு உம் காசைக் கொடும்" என்றார் தாண்டவராயர்.

வைரவநாதன் எட்டிப் பார்த்தான். "இது பொன்னா, செம்பா?"

"யாருக்குத் தெரியும்? ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லையே!"

காசு வியாபாரியின் கண்ணெதிரே காசை வைத்துவிட்டு, பொன்னா செம்பா தெரியாது என்று சொன்னால் அவன் கை சும்மா இருக்குமா? தானாக நீண்டது. எடுத்தான். சுண்டினான். தரையில் போட்டு ஓசை பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்தான். கடைசியில் ஓரத்தைக் கடித்தும் பார்த்துவிட்டு, "தூ, செம்பு!" என்றான்.

"ஐயோ, என் காசு!" என்று அரசர் துள்ளி எழுந்தார். மூக்குத் துணி கழுத்துக்கு இறங்கியது.

தாண்டவராயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கைபடாத காசைக் கொன்றுவிட்டீரே ஐயா! அதிலும் மகாராஜாவின் மூக்குப் பக்கமாகக் கடித்திருக்கிறீர்! உம் சாத்திரப்படி இப்போது எங்களுக்கு ஒரு யானை நஷ்டம். கொம்பன் யானையாகவே கொடுத்துவிடும், எங்கள் மங்களாயிக்கும் துணையாக இருக்கும்."

வைரவநாதன் அந்தக் காசைத் தோள்துண்டில் அவசரமாகத் துடைத்தான். "யானையா! மகாராஜா, இவர் பேச்சைக் கேட்காதீர்கள்! துணியால் துடைத்தால் போயிற்று! நாலு கை பட்டால் காசுக்கு என்ன கேடு? முகம் அழிந்துவிட்டதா? இதோ பாருங்கள், மூக்கு அப்படியே எடுப்பாக இருக்கிறது!"



அரசர் மெதுவாகக் கேட்டார். "வியாபாரியாரே, அப்படியானால் காத்தாயி காசில் மீன் மட்டும் எப்படிச் செத்தது?"

  குறடு, பெட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வியாபாரி குன்றிறங்கிய வேகத்துக்குக் காக்கையே வழி விட்டதாம்.

அரசர் காத்தாயியின் காசைத் தயங்கித் தயங்கிக் கையில் எடுத்தார். மீனின் செதிலை விரலால் தடவினார். சுண்டினார். 'டிங்' என்றது. மறுபடியும் சுண்டினார். இத்தனை வருஷமாகக் காசு சேர்க்கிறார், காசுக்குள் இப்படி ஓர் இசை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குழந்தை மாதிரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாண்டவராயரே, யானையைக் காப்பாற்றிவிட்டீர்! உமக்கு நூறு பொற்காசு பரிசு. நாணயசாலையிலிருந்து புத்தம் புதிதாக, கைபடாததாகவே தரச் சொல்கிறேன்!"

"வேண்டாம் மகாராஜா, கொஞ்சம் புழங்கிய காசே போதும். ஊரில் எவன் கை வேண்டுமானாலும் பட்டிருக்கட்டும். வழியில் நம் பொக்கிஷக்காரர் கை மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!"