மயில் வரைந்த சந்தைக் கூரை

கரட்டுக் காட்டில் வளைக்கு மேல் வளை, கூட்டுக்கு மேல் கூடு. மரமெல்லாம் வீடாகிவிட்டதால் சந்தை கூடியது மொட்டைப் பாறையில். அல்லித்தண்டு விற்கும் தவளைக்கு மதியத்துக்குள் முதுகு காய்ந்துவிடும். பக்கத்தில் புளியங்கொட்டை விற்கும் அணில், கொட்டாங்கச்சியில் வைத்திருக்கும் தண்ணீரை அவ்வப்போது தெளிக்கும். இடத்தை விட்டு இரண்டும் நகர முடியாது. எழுந்தவர் இடம் அடுத்தவருக்கு என்பது அந்தச் சந்தையின் வழக்கம்.

சபை கூடிக் கூரை போட முடிவு செய்தது. மயில் உயர்ந்த கிளையில் உட்கார்ந்து, மேலிருந்து பார்த்தே வரைந்தது. நாலு பக்கமும் மண்சுவர், ஒரே ஒரு வாசல், விரித்த தோகை மாதிரி இடைவெளியே இல்லாத ஓலைக் கூரை.

“உச்சியில் வாய் வையுங்கள். சூடு ஏறிப் போய்விடும். எங்கள் புற்று அப்படித்தான் நிற்கிறது” என்றது கறையான்.

“மழை பெய்தால் உன் புற்றில் வந்து ஒதுங்கவா?” என்றது மயில். சபை சிரித்தது.

அணிலுக்குப் பொறுக்கவில்லை. மழை பத்து நாள், வெயில் பத்து மாதம், அப்புறம் எதற்குப் பயந்து கூரை போடுகிறீர்கள் என்று மல்லுக்கு நின்றது. உள்ளே உட்காரப் போகிற எங்களை யார் கேட்டீர்கள் என்றது. வாயாடி என்று அடக்கிவிட்டார்கள்.

மார்கழி விடியலில் திறப்பு விழா. உள்ளே குளுகுளுவென்றிருந்தது. வீணாகக் கத்திவிட்டோமோ என்று அணிலுக்கே வெட்கமாகப் போயிற்று.

சித்திரை வந்தது. அத்தனை பேர் மூச்சும் கூரைக்கடியில் தேங்கி, சந்தை அடுப்பாயிற்று. ஒருநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே கொட்டாங்கச்சி வற்றிவிட்டது.

“அக்கா, குட்டையில ஒரு முங்கு போட்டுட்டு வந்துடு.”

“எழுந்தா இடம் போச்சே, புள்ள. ஆமை என் இடத்து மேல கண்ணு வச்சு வாசல்லயே நிக்கிறா. இன்னும் நாலு கட்டுதான் விக்கணும்.”

தன் இடம் போனால் போகட்டும் என்று அணில் தண்ணீருக்கு ஓடியது. திரும்பி வந்தபோது தவளை உட்கார்ந்தபடியே இருந்தது. கண் திறந்திருந்தது. தோல் சருகாகியிருந்தது. தண்ணீரைக் கொட்டிப் பார்த்தது அணில். அசைவில்லை.

அணில் விறுவிறுவென்று சுவரேறிக் கூரை உச்சியைக் கடித்துக் கிழித்தது. சூடு குப்பென்று வெளியே பாய்ந்தது. வாசல் வழியே காற்று நுழைந்தது. கடைகளில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

“என் கூரையைப் பொத்தலாக்கியது யார்?” என்று கிளையிலிருந்து அதட்டியது மயில்.

“நான்தான். ஒரு தரமாவது கீழே இறங்கி வந்து பாருங்க” என்றது அணில்.

மயில் இறங்கவில்லை.

அடியில் உட்காரப் போகிறவரைக் கேட்காமல் போட்ட கூரை, வெயிலைவிடக் கொடியது.