இடுக்கில் அடைத்த வேட்டி

கரக், கரக். பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. மறுபடி கரக், கரக்.

பனிமலைக்கு வந்த முதல் நாள் கேட்ட அந்தச் சத்தத்தைச் சிதம்பரதாணு கடைசிவரை மறக்கவில்லை.

"அம்மா, என் அறைக்குக் கீழே மாடு அசைபோடுகிறது" என்றார் மறுநாள் காலை.

"ஒன்றில்லை, இரண்டு" என்றாள் துறவி யங்சோம்.

அவர் நாகர்கோவிலில் முப்பது வருடம் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். குளிர்காலம் முழுக்க அவளிடம் மௌனம் பழக வந்திருந்தார்.

"மௌனம் தேடி இவ்வளவு தூரம் வந்தவனை மாட்டுத்தொழுவத்துக்கு மேலே படுக்கவைத்தால் எப்படி?"

"வேறு அறை இல்லை, வாத்தியாரே."

"நாற்றம் வேறு."

"மாடுகள் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே."

பனி விழுந்து கணவாய் மூட எட்டு நாள் இருந்தது. மூடிவிட்டால் ஐந்து மாதம் யாரும் இறங்க முடியாது.

"முடியாதென்று தோன்றினால் கடைசி லாரியில் ஏறிவிடுங்கள்" என்றாள்.

"செத்தாலும் இறங்கமாட்டேன்."

அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு முழம் தடித்த மண்சுவர். தெற்கே மட்டும் ஒரு சின்ன ஜன்னல். தலை இடிக்கும் கூரை, அதன்மேல் ஆள் உயரத்துக்கு உலர்ந்த புல். எல்லாம் சரி. தரைப்பலகைகளுக்கு நடுவேதான் விரல் நுழையும் இடுக்குகள்.

தச்சன் சோம்பேறி என்று முடிவு செய்தார்.

எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தார். பகல் முழுக்கக் குனிந்து, கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி, எல்லா இடுக்குகளையும் அடைத்தார்.

சத்தம் நின்றது. நாற்றமும்.

மறுநாள் காலை செம்புத் தண்ணீர் உறைந்திருந்தது. நான்காம் நாள் விரல்கள் மடங்கவில்லை. ஆறாம் நாள் கண்மூடி உட்கார்ந்தபோது அவருக்குக் கேட்டதெல்லாம் தன் பற்கள் மோதிக்கொள்ளும் சத்தம்.

ஏழாம் நாள் மாலை அவளிடம் போனார்.

"இறங்கப் போவதில்லை. ஆனால் விறகு வேண்டும்."

"வழியில் எங்காவது மரம் பார்த்தீர்களா?"

"வறட்டியாவது கொடுங்கள்."

"அது சமையலுக்கே சரி."

"நீங்களெல்லாம் எப்படித்தான் உயிரோடு இருக்கிறீர்கள்?"

அவள் அவருடைய அறைக்கு நடந்தாள். மண்டியிட்டு, ஓர் இடுக்கிலிருந்து துணியை உருவினாள்.

"கையை வையுங்கள், வாத்தியாரே."

வைத்தார்.

கீழே ஒரு மாடு பெருமூச்சு விட்டது. உள்ளங்கையில் வெதுவெதுப்பு.

அவர் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் எடுக்கவில்லை.

"நாளைக் காலை லாரி" என்றபடி எழுந்தாள் யங்சோம்.

அவர் அடுத்த துணியை உருவிக்கொண்டிருந்தார்.

மாசியில் ஒருநாள் மத்தியானம், கீழேயிருந்து வந்த மூச்சு மாறியது. அது அவருக்குத்தான் முதலில் கேட்டது. "அம்மா!" என்று கத்திக்கொண்டே ஏணியில் இறங்கினார்.

"மௌனம் போயிற்றே, வாத்தியாரே" என்றாள், ஓடிவந்தவள்.

"கன்றின் காலைப் பிடியுங்கள்" என்றார் அவர்.

கன்றைத் துடைக்க வேட்டித் துணிகள் இருந்தன.

சிதம்பரதாணு அங்கே பதினோரு குளிர்காலம் இருந்தார். பன்னிரண்டாவதில், அதே அறையில், கீழே மூன்று மாடுகள் நிற்க, இறந்தார்.