புல்லைத் தின்றவன்

கோவை கிளப் ஒன்றின் செயலாளர் குலசேகரன். அவர் ஆசையாக வளர்த்த புல்வெளி திட்டுத் திட்டாகக் காய்ந்தது. புல்வெளியில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தவர், தோட்டவேலை பார்க்கும் மாரக்காள் மேல் பாய்ந்தார்.

"தண்ணி விடாம ஏமாத்துறியா? நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"தண்ணி விட்டேனுங்க சார். புல்லைத் தின்னவன் வேற."

"அப்படியா? நான் இந்தக் காபியைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவனைப் பிடிச்சு நிறுத்து, பார்க்கலாம்!"

மாரக்காள் எங்கும் ஓடவில்லை. வாளித் தண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்து, அவர் நாற்காலியைச் சுற்றி ஊற்றிவிட்டுக் கைகட்டி நின்றாள்.

அவர் பாதிக் காபி குடிப்பதற்குள் புல் அசைந்தது. சோப்புத் தண்ணீரின் எரிச்சல் தாங்காமல் ஒன்று, பத்து, நூறு என்று புல் தின்னும் புழுக்கள் நெளிந்து மேலே வந்தன. காலடியில் ஓர் ஊரே குடியிருந்திருக்கிறது! செயலாளர் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்.

"எல்லாரும் வந்துட்டாங்களுங்க சார். இப்ப நான் வீட்டுக்குப் போறதுங்களா, இவங்களை அனுப்பி வைக்கிறதுங்களா?"

"நீ இரும்மா, இரு!" என்றார் செயலாளர், காலைக் கீழே வைக்காமல்.