இரண்டாவது கார்டில் இருந்த பேச்சியம்மாள்

மாலை நான்கு நாற்பது. பத்தொன்பது பேர் மறுத்துவிட்டார்கள். இருபதாவதாக வந்தவள் பெயர் பேச்சியம்மாள்.

2023 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. இடம் சென்னை பாண்டி பஜார் நடைபாதை. கேமராவுடன் நின்றவள் தில்ஷாத், கல்யாண வீடுகளில் முக்கியப் படக்காரருக்கு உதவியாக இரண்டாவது கேமராவுடன் ஓடியவள். தெருவில் நடப்பவர்கள் உடுத்தியிருப்பதைப் படமெடுத்து இணையத்தில் ஒரு பக்கம் நடத்த நினைத்தாள். பக்கத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. படம்தான் ஒன்றுகூட இல்லை. கேட்காமல் எடுப்பதில்லை, வேண்டாமென்றால் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுவது என்று தனக்கொரு விதியும் வைத்திருந்தாள். "எந்த சேனல்மா?" என்று கேட்டார் ஒருவர். "என் கல்யாணத்துக்குக் கூப்பிடறேன், அப்ப வந்து எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் ஒரு கல்லூரிப் பெண்.

பேச்சியம்மாள் போட்டிருந்தது கணுக்கால்வரை இறங்கிய கவுன். ஜாக்கெட் துணியில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. மஞ்சள், அரக்கு, கருநீலம், கிளிப்பச்சை. அடுத்தடுத்த துண்டுகள் ஒரே நிறமில்லை. ஆனாலும் ஒட்டுப்போட்ட துணியாகத் தெரியவில்லை.

"இத எங்க வாங்கினீங்க?"

"வாங்கலக்கா. நாந்தான் தைச்சேன்."

பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆறு நாள் கடையின் சீருடைச் சேலை, செவ்வாய் விடுமுறை. வெயில் சாய்ந்து விழுந்த சுவரோரம் நின்றாள், சிரித்தாள். தில்ஷாத் ஒரே ஒரு படம் எடுத்தாள்.

திரையில் தன்னைப் பார்த்ததும் பேச்சியம்மாளின் முகம் மாறியது.

"அழிச்சிருங்கக்கா. எங்கண்ணன் பாத்தான்னா வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துருன்னுருவான்."

அழிக்கும் முன் ஒருமுறை பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். தோள்பட்டை மடிப்பையே பார்த்தாள். "தையல் நல்லாத்தான் விழுந்திருக்கு. வேற யாரு பாத்தாலும் எனக்கு ஒண்ணுமில்லக்கா. அவன்தான் பாக்கக் கூடாது."

இணையத்தில் போட்டால் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தில்ஷாத் அவள் கண்ணெதிரே அழித்தாள்.

கல்யாணத்தில் தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது. அதனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதிவாகும்படி கேமராவை வைத்திருப்பார்கள். அழித்தால் ஒரு கார்டில்தான் அழியும். தில்ஷாத் அந்த அமைப்பை மாற்ற மறந்திருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, இரண்டாவது கார்டில் பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை தில்ஷாத் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அழிக்கக் கை வரவில்லை. அடுத்த செவ்வாய் நேரில் கேட்டுவிடலாம் என்று வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் பேச்சியம்மாள் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய், கடைப் பெண்கள் தங்கும் விடுதிச் சுவரில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தது. காய்ச்சலில் பிப்ரவரி 25 அன்று இறந்திருந்தாள். கடையின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்து கிடந்தது. ஓரத்தில் கடை முத்திரையின் பாதி தெரிந்தது.

தில்ஷாத் உள்ளே போனாள். பேச்சியம்மாளின் அறைத் தோழி ஜெபமலர் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுத்துப்போக வந்த அண்ணன் சேர்மக்கனி வாசலில் நின்றான். அவன் யாரென்று தெரியாமல், "எங்கிட்ட அவங்க படம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டாள் தில்ஷாத்.

"எந்தங்கச்சி படமா? குடுங்கம்மா," என்றான் சேர்மக்கனி. "பதினாறாம் நாளுக்கு ஃப்ரேம் போடணும். வீட்ல அவ சிரிச்ச படம் ஒண்ணுகூடக் கெடையாது. அட்டைப் படத்தப் பாத்துட்டு, இது எம்புள்ளையே இல்லன்னு எங்கம்மா அழுதா."

"குடுக்காதீங்கக்கா. அவளே தைச்ச டிரஸ்ல எடுத்தது, அழிக்கச் சொன்னேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கா. அவ பயந்ததே இவருக்குத்தான்," என்றாள் ஜெபமலர்.

"எனக்கா?"

"போன தடவ ஊருக்கு வந்தப்ப, நைட்டி மேல துண்டு போடலன்னு என்ன பேசுனீங்கண்ணே? இங்க வந்து ரெண்டு நாள் சாப்பிடல அவ."

"செத்தவளயா திட்டப் போறேன்? சரி, முகத்த மட்டும் வெட்டிக் குடுங்க."

"அந்த டிரஸ்ஸாலதான் அவ சிரிச்சா. அதை வெட்டிட்டு எந்த முகத்தக் குடுப்பாங்க?"

தில்ஷாத் பையிலிருந்து கேமராவை எடுத்தாள். இரண்டாவது கார்டைப் போட்டாள். இருவரும் பார்க்கும் முன்பே படத்தை அழித்தாள். இந்த முறை வேறு பிரதி இல்லை. சேர்மக்கனி தங்கையின் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் கேட்டான், தோழி தடுத்தாள், படமெடுத்தவள் அழித்தாள். மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெபமலர் செய்தது. பார்க்கக் கூடாது என்று பேச்சியம்மாள் சொன்னது ஒரே ஒருவனைப் பற்றி. கேட்டு வந்தவனும் அவனே. செத்துப்போனாள் என்பதற்காக அவள் பேச்சை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. சேர்மக்கனியின் துக்கம் பொய்யல்ல, ஆனால் துக்கம் அனுமதி ஆகாது. தில்ஷாத் கொடுக்க மறுத்தது சரி, அழித்தது தவறு. "வேற யாரு பாத்தாலும் ஒண்ணுமில்ல" என்றும் பேச்சியம்மாள்தான் சொன்னாள். படத்தை ஜெபமலரிடம் கொடுத்திருந்தால் இறந்தவள் சொன்ன இரண்டும் நின்றிருக்கும். ஒரு பாதியைக் காப்பாற்ற மறுபாதியை அழித்தாள் தில்ஷாத். அந்தத் தையலை இனி யாரும் பார்க்க முடியாது.

2024 பிப்ரவரி 25 அன்று, முதலாம் ஆண்டு நினைவுச் சுவரொட்டி பேச்சியம்மாளின் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டப்பட்டது. அதே அடையாள அட்டைப் படம். ஓரத்தில் பாதி முத்திரை.